களைச்சுப் போற உலோகம்: ஃப்ளைட் கொன்ட்ரோல் பார்ட்ஸுக்கு ஏடி வந்தா செக் பண்ணி மாத்துறது எப்பிடி, முழு வழிகாட்டி

ரத்மலானைல ஏவியேஷன் கோர்ஸ் முடிச்சிட்டு கட்டுநாயக்கா ஹேங்கருக்குள்ள முதல்முதலாக் கால் வைக்கிற தம்பி தங்கச்சிமார் கனபேர் என்னட்ட ஒரே கேள்வியத்தான் கேக்கினம், "அண்ணா, ஏடி ஒண்டைக் கைல தந்து இந்த ஜொப்பைச் செய் எண்டா எங்க இருந்து தொடங்குறது?" எண்டு. ஏடி எண்டா பிளேன்ல ஒரு பாதுகாப்புக் குறையைச் சரிசெய் எண்டு விமான அதிகாரம் விடுற கட்டாய உத்தரவு. வெள்ளவத்தை மார்க்கெட்டடில நிண்டு கால் மணித்தியாலத்தில சொல்லி முடிக்கிற விசயம் இல்ல இது, அதால ஆறுதலா இருந்து எல்லாத்தையும் ஒரே இடத்தில எழுதுறன். கதைக்கப் போறது ஃப்ளைட் கொன்ட்ரோல் பக்கத்தை மட்டும்தான், அதாவது பிளேனைத் திருப்ப, ஏத்த, இறக்க இறக்கையிலயும் வாலிலயும் இருக்கிற எலிவேட்டர், எய்லரன், ரடர், ஃப்ளாப், ஸ்லாட், ஸ்டபிலைசர், பிறகு இதுகளைத் தாங்கிப் பிடிக்கிற ஹிஞ்ச், ஃபிட்டிங், லக் (போல்ட் போற ஓட்டை உள்ள காது), ட்ராக், ரொட், போல்ட் எல்லாம். வேலை செய்யேக்க உங்கட கைல இருக்கிற அப்ரூவ்ட் மெனுவல் சொல்றதுதான் கடைசிச் சொல், இதை அதுக்கு முன்னால வாசிச்சு விளங்கிக்கொள்ளத்தான் எழுதுறன்.

முதல்ல ஃபட்டீக் எண்டா என்ன

திரும்பத் திரும்ப வாற சுமையால உலோகம் களைச்சு வெடிக்கிறதுதான் ஃபட்டீக். திரீவீல் கிளச் கேபிள் அறுந்து போறதைப் பாத்திருப்பீங்கள். அது ஒரு நாளும் சடக்கெண்டு முழுசா அறுறது இல்ல, லீவருக்குக் கிட்ட வளையிற இடத்தில உள்ளுக்குள்ள ஒரு இழை போகும், பிறகு இன்னொண்டு, வெளியில இருந்து பாத்தா கேபிள் நல்ல வடிவா இருக்கும், கடைசியா மிஞ்சின ரெண்டு மூண்டு இழைதான் ஒருநாள் காலி ரோட்டில நடு ட்ராஃபிக்கில கைவிடும். பிளேன்ல இருக்கிற ஒரு ஹிஞ்ச் ஃபிட்டிங்கிலயும் இதேதான் நடக்குது. அதில வாற சுமை ஒருநாளும் அதை உடைக்கிற அளவுக்குப் பெரிசு இல்ல, ஆனா ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் இழுத்து விட்டு இழுத்து விட்டு ஆயிரக்கணக்கில போகேக்க போல்ட் போற ஓட்டையின்ர உள் விளிம்பில, இல்லாட்டி ஒரு கீறல்ல, துருப்பிடிச்ச ஒரு குழியில கண்ணுக்கே தெரியாத ஒரு வெடிப்புத் தொடங்கும். கன காலம் அது சின்னனாவே இருக்கும், வளரத் தொடங்கினாப் பிறகுதான் ஓட்டம் பிடிக்கும். உடைஞ்ச முகத்தைப் பாத்தா கடல் தண்ணி பின்வாங்கினாப் பிறகு மணல்ல விட்டிட்டுப் போற கோடு மாதிரி வரி வரியா இருக்கும், ஒருக்கா கண்டா மறக்க மாட்டீங்கள்.

1954 இல கொமெட் ஜெட் ரெண்டு, ஜனவரில ஒண்டு ஏப்ரல்ல ஒண்டு, மத்தியதரைக் கடலுக்கு மேல சிதறிப் போன பிறகுதான் உலகம் இதைச் சரியா விளங்கிக் கொண்டது. ஆனா எங்கட டொபிக்குக்கு நல்ல கிட்டவா வாறது 1977 மே 14 லுசாகால நடந்தது. சரக்கு ஏத்தி வந்த போயிங் 707 ஒண்டு இறங்க வாற நேரம் வாலின்ர வலப்பக்கச் சிறகான ஸ்டபிலைசர் கழண்டு விழுந்து, உள்ளுக்க இருந்த 6 பேரும் செத்துப் போச்சினம். அதுக்குள்ள நீளமா ஓடுற பின் உத்திரத்தின்ர (ஸ்பார்) மேல் விளிம்பில (கோர்ட்) ஃபட்டீக் வெடிப்பு. அந்த டிசைன் ஒரு துண்டு போனா மற்றத் துண்டு தாங்கும் எண்ட நம்பிக்கையில கட்டினது, சரிதான், ஆனா முதல் துண்டு போனதை ஒருத்தரும் காணாட்டி மற்றத் துண்டு எவ்வளவு காலத்துக்குத் தாங்கும்? 1978 இல அமெரிக்கச் சட்டம் மாறி டமேஜ் டொலரன்ஸ் எண்ட முறை வந்தது. அதாவது வெடிப்பு வரும் எண்டே வைச்சுக்கொண்டு, அது கண்டுபிடிக்கக் கூடிய அளவுக்கு வாறதில இருந்து ஆபத்தான அளவுக்கு வளர எவ்வளவு ஃப்ளைட் எடுக்கும் எண்டு கணக்குப் போட்டு, அந்த இடைவெளிக்குள்ள ஒண்டுக்கு மேற்பட்ட தடவை பாக்கக் கூடிய மாதிரி செக் வைக்கிறது. ஏடில "ஒவ்வொரு இத்தனை சைக்கிளுக்கும் திரும்பப் பார்" எண்டு இருந்தா அதுக்குப் பின்னால இந்தக் கணக்குத்தான் இருக்கு. சைக்கிள் எண்டா ஒருக்கா எழும்பி இறங்குறது. நீங்கள் ஒரு செக்கைச் சும்மா கண்ணோட்டமா பாத்து விட்டா வெடிப்பைப் பிடிக்கிற சான்ஸில ஒண்டை எறிஞ்சிட்டீங்கள்.

இன்னொரு வகை பார்ட்ஸ் இருக்கு, சேஃப் லைஃப். அதுகளைச் செக்கை நம்பி விடுறது இல்ல, இத்தனை சைக்கிள் எண்டா கழட்டி எறியோணும், அவ்வளவுதான். பாக்கப் புதுசு மாதிரி பளபளக்கும், எறிய மனம் வராது, எண்டாலும் எறியோணும்.

எங்கட ஊருக்கெண்டு ஒரு விசயமும் சொல்லோணும். கட்டுநாயக்கா ரன்வேக்குப் பக்கத்தில நீர்கொழும்புக் களப்பு, அங்கால கடல். உப்புக்காத்தும் ஈரமும் வருசம் முழுக்க. அலுமினியத்தில வெள்ளை மா மாதிரிப் படிஞ்சிருந்தா அது தூசி எண்டு துடைச்சிட்டுப் போகாதேங்கோ, அது கொரோஷன், அதுக்குக் கீழ இருக்கிற சின்னக் குழிதான் ஃபட்டீக் வெடிப்புக்கு வாசல்.

படி 1: ஏடியை எழுத்தெண்ணி வாசிக்கிறது

ஏடி எண்டா எயார்வேர்தினஸ் டிரெக்டிவ். பிளேனை டிசைன் பண்ணின நாட்டு அதிகாரம் வெளியிடுறது, போயிங்குக்கு அமெரிக்க எஃப்ஏஏ, ஏர்பஸுக்கும் ஏடிஆருக்கும் ஐரோப்பாவின்ர ஈயாசா. உலக நாடுகளின்ர விமானப் போக்குவரத்து ஒப்பந்தமான சிக்காகோ உடன்படிக்கையின்ர 8வது இணைப்பின்படி அது பிளேன் பதிஞ்ச நாட்டுக்கு வரும், இலங்கை அடையாளமான 4ஆர் எண்டு பதிஞ்ச பிளேனுக்கு எங்கட சிவில் ஏவியேஷன் அதோரிட்டிதான் பொறுப்பு. கம்பனிக்காரன் அனுப்புற சேர்விஸ் புலட்டின் தனிய வந்தா அது பெரும்பாலும் ஆலோசனை, அதை ஏடி இழுத்து வைச்சுச் செய் எண்டு சொன்ன உடனே அது கட்டாயம். செய்யாமப் பறந்தா அந்த பிளேன் எயார்வேர்தி இல்ல, அதாவது பறக்கத் தகுதி இல்ல.

வாசிக்கேக்க முதல் பாக்கிறது பொருந்துமா எண்டு. மொடல் மட்டும் பாத்தாக் காணாது, சீரியல் நம்பர் பாக்கோணும், பார்ட் நம்பர் பாக்கோணும், அந்தப் பார்ட் நம்பருக்குப் பின்னால இருக்கிற டேஷ் நம்பரும் பாக்கோணும். ஏன் எண்டா பிளேன் வாங்கேக்க இருந்த பார்ட் இப்ப அதில இல்லாம இருக்கலாம், ஆறு வருசத்துக்கு முன்னால ஆரோ வேற ஒரு ஸ்டொக்கில இருந்து எடுத்துப் பூட்டியிருக்கலாம். பேப்பரில சந்தேகம் இருந்தா ஏணி வைச்சு ஏறி பார்ட்டில இருக்கிற ப்ளேட்டை வாசியுங்கோ. பழைய ஏடி ஒண்டை இது மாத்துதா எண்டும் பாக்கோணும், பழையதின் கீழ செய்த வேலைக்கு இதில மதிப்புக் குடுக்கினமா எண்டதும் அதிலயே எழுதியிருக்கும்.

அடுத்தது காலக்கெடு, கன பேர் சறுக்கிற இடம். "எது முதல் வருதோ" எண்டு இருக்கா "எது பிந்தி வருதோ" எண்டு இருக்கா எண்டு விரல் வைச்சு வாசியுங்கோ. ஒரு கற்பனைக் கணக்கு சொல்றன். பார்ட் 28,000 சைக்கிள் ஆகிறதுக்கு முன்னால, இல்லாட்டி ஏடி அமுலுக்கு வந்த நாளில இருந்து 500 சைக்கிளுக்குள்ள, எது பிந்தியோ அதுக்குள்ள செக் பண்ணு எண்டு இருக்கு. அமுலுக்கு வந்த அண்டைக்கு உங்கட பார்ட் 27,600. முதல் கெடுப்படி 400 மிச்சம், ரெண்டாவதுபடி 28,100 வரைக்கும் போகலாம், பிந்தினது எண்டதால 28,100. கொழும்பு சென்னை, கொழும்பு மாலே எண்டு நாளைக்கு 4 சைக்கிள் ஓடினா 125 நாள். இதே வசனத்தில "எது முதல்" எண்டு இருந்தா 100 நாள்தான், அந்த 25 நாளும் சட்டத்துக்கு வெளிய பறந்த பறப்பு.

கணக்கு பிளேனோட போறது இல்ல, பார்ட்டோட போறது. வேற பிளேன்ல 15,000 சைக்கிள் ஓடின எலிவேட்டரைக் கழட்டி 3,000 சைக்கிள் ஓடின பிளேன்ல பூட்டினா அந்த எலிவேட்டருக்கு வயசு குறையாது. பிறந்த நாள் தொட்டு எங்க எங்க இருந்தது எண்ட பேப்பர் தொடர்ச்சி இல்லாத பார்ட் எண்டா அது எவ்வளவு மலிவா வந்தாலும் பூட்டக் குடுக்காதேங்கோ.

படி 2: கை வைக்கிறதுக்கு முதல் சாமான் கைல இருக்கோணும்

செக் பண்ண மட்டும்தானே போறம், பிறகு பாப்பம் எண்டு ஹேங்கர் ஸ்லொட் எடுக்கிறது பிழை. வெடிப்புக் கண்டா பெரும்பாலான ஏடில "அடுத்த ஃப்ளைட்டுக்கு முதல் மாத்து" எண்டுதான் இருக்கும், பார்ட் சிங்கப்பூரிலயோ துலூஸிலயோ இருக்கும், பிளேன் இங்க நிக்கும், மேல இருக்கிற ஆக்களின்ர அழுத்தம் முழுக்க உங்கட தலையில இறங்கும். அழுத்தத்தில இருக்கிற மனுசனுக்கு வெடிப்புக் கீறல் மாதிரித் தெரியும், அதால பார்ட் முதல்லயே கைல இருக்கோணும், இல்லாட்டி எத்தனை நாளில வரும் எண்டாவது எழுத்தில இருக்கோணும்.

வந்த பார்ட்டின்ர பேப்பரைப் பாருங்கோ, பாவிக்கத் தகுதி எண்டு சான்று சொல்ற ஈயாசா ஃபோர்ம் 1 அல்லது எஃப்ஏஏ 8130-3, அதில இருக்கிற பார்ட் நம்பர் சீரியல் நம்பர் ரெண்டும் பார்ட்டில இருக்கிறதோட பொருந்தோணும். 1989 செப்டெம்பர் 8 டென்மார்க் கரைக்கு அங்கால கன்வேர் 580 ஒண்டு விழுந்து 55 பேரும் செத்ததில, வாலைப் பிடிச்சு வைச்சிருந்த போல்ட், பின், ஸ்லீவ் போலி எண்டுதான் விசாரணையில வந்தது. அது பழைய கதை எண்டு நினைக்காதேங்கோ, 2023 இலயும் சிஎஃப்எம்56 என்ஜின் பார்ட்ஸுக்குப் போலிப் பேப்பர் ஓடித் திரிஞ்சது உலகம் முழுக்கக் கண்டுபிடிபட்டது.

டோர்க் ரெஞ்ச் (அளந்து இறுக்கிற சாவி), எடி கரண்ட் மெசின் (மின்னோட்டத்தால வெடிப்புத் தேடுறது), யூவி லைட், எல்லாத்திலயும் கலிப்ரேஷன் ஸ்டிக்கர் திகதி பாருங்கோ. என்டிடி, அதாவது சாமானை உடைக்காம வெடிப்புத் தேடுற சோதனை, செய்யப் போற ஆளுக்கு அந்த முறைக்கு சேர்ட்டிஃபிகேட் இருக்கா எண்டும் பாருங்கோ, எடி கரண்ட்டுக்கு லெவல் 2 இருக்கிற ஆளுக்கு அல்ட்ராசொனிக்கும் இருக்கும் எண்டு இல்ல.

படி 3: பிளேனைப் பூட்டி வைக்கிறது

இதைச் சுருக்கமாச் சொல்றன் ஆனா இதை விட்டா ஆள் போகும். ஹைட்ரோலிக் பிரஷர் எடுத்தாச்சா, மெனுவல்ல சொன்ன கரண்ட் பிரேக்கர் எல்லாம் இழுத்து டெக் (எச்சரிக்கைச் சீட்டு) போட்டாச்சா, கொக்பிட்டில ஃப்ளாப் லீவருக்கும் கொன்ட்ரோலுக்கும் "தொடாதே" போர்ட் தொங்குதா, சேஃப்டி லொக் பூட்டியாச்சா. ஃப்ளாப், ஸ்பொய்லர் ரெண்டும் 3,000 பிஎஸ்ஐ ஹைட்ரோலிக்கில ஓடுற சாமான், நடுவில கை இருந்தா நிண்டு பாக்காது. டெக்கைப் போட்ட ஆள்தான் டெக்கை எடுக்கோணும்.

படி 4: கழுவிறதும் பாக்கிறதும்

முழு வேலையிலயும் எனக்கு மிச்சம் முக்கியம் இந்தப் படிதான், அதால கொஞ்சம் நீட்டிச் சொல்றன்.

அழுக்கில வெடிப்புத் தெரியாது, கிரீஸ் படிஞ்ச லக்கில ஒண்டுமே தெரியாது. ஆனா கழுவிறன் எண்டு வயர் பிரஷ் போட்டுத் தேய்ச்சீங்களோ, சுரண்டினீங்களோ, மென்மையான அலுமினியம் இழுபட்டு வெடிப்பின்ர வாயை மூடிப்போடும், பிறகு எந்த முறைக்கும் அது அகப்படாது. சொன்ன சொல்வென்ட், சொன்ன துணி, சொன்ன நேரம். பெயிண்டைக் கழட்டச் சொல்லியிருந்தா மட்டும் கழட்டுறது, அதுவும் சொன்ன கெமிக்கலால. ஹை ஸ்ட்ரெங்த் ஸ்டீல்ல பிழையான கெமிக்கல் பட்டா ஹைட்ரஜன் உள்ளுக்க போய், அந்தச் சாமான் பிறகு ஒரு முன்னறிவித்தலும் இல்லாம நொறுங்கும்.

ஏடில "டீடெய்ல்ட் விஷுவல்" எண்டு இருந்தா அது டோர்ச் அடிச்சு எட்டிப் பாக்கிறது இல்ல. கிட்டப் போய், நல்ல வெளிச்சத்தில, கண்ணாடி, பூதக்கண்ணாடி வைச்சு, டோர்ச்சை நேரா அடிக்காம சாய்வாப் பிடிக்கோணும், சாய்வா அடிச்சாத்தான் வெடிப்பின்ர விளிம்பு நிழல் போடும். லக் எண்டா எந்தப் பக்கத்தால சுமை இழுக்குது எண்டு யோசியுங்கோ, இழுக்கிற திசைக்குக் குறுக்க, ஓட்டையின்ர ரெண்டு பக்கத்திலயும்தான் வெடிப்புத் தொடங்குறது வழமை. புஷ் (ஓட்டைக்குள்ள செருகின உலோக வளையம்) போட்ட ஓட்டை எண்டா புஷ்ஷுக்குப் பின்னால வெடிச்சிருந்தா வெளியில இருந்து காணவே ஏலாது, அதுக்குத்தான் சில ஏடில புஷ்ஷைக் கழட்டி ஓட்டைக்குள்ள எடி கரண்ட் புரோப் விடச் சொல்லுறது.

முறையைத் தெரிவு செய்யிற உரிமை எங்களுக்கு இல்ல, ஏடி சொல்றதுதான், எண்டாலும் ஏன் எண்டு தெரிஞ்சிருக்கோணும். மக்னெட்டிக் பார்ட்டிக்கிள் காந்தம் பிடிக்கிற ஸ்டீலுக்கு மட்டும். எடி கரண்ட் மேற்பரப்பிலயும் அதுக்குச் சற்றுக் கீழயும், பெயிண்ட் மெல்லிசா இருந்தா மேலாலயே பிடிக்கும். அல்ட்ராசொனிக், அதாவது ஒலி அலை, உள்ளுக்க ஆழமா. பெனட்ரன்ட், அதாவது வெடிப்புக்குள்ள ஊறுற, யூவில ஒளிர்ற திரவம், மேல வாய் திறந்திருக்கிற வெடிப்புக்கு, எந்த உலோகம் எண்டாலும்.

பெனட்ரன்ட்டில எனக்கு நடந்த ஒண்டைச் சொல்றன், ஊரையும் இடத்தையும் விடுவம். நான் ஜூனியரா இருந்த காலம், ஒரு ஹிஞ்ச் ஃபிட்டிங் கழட்டி வந்தது, நான்தான் பெனட்ரன்ட் போட்டன். ஊற வேண்டிய நேரம் ஊறினது, பிறகு நான் சுத்தமா இருக்கோணும் எண்டு தண்ணியைக் கிட்டப் பிடிச்சு நல்ல பிரஷரில அடிச்சுக் கழுவினன், டெவலப்பர் (ஊறினதை வெளிய இழுக்கிற வெள்ளைப் பவுடர்) போட்டு யூவில பாத்தா ஒண்டுமே இல்ல, பார்ட் நல்ல கறுப்பா இருந்தது. பக்கத்தில நிண்ட சீனியர், சிங்களவர், மெதுவாத் தோளில கை வைச்சு "ஆயெத் கரமு" எண்டார், திரும்பச் செய்வம் எண்டு. என்னைப் பேசேல்ல, முதல்ல இருந்து கழுவிக் காயவைச்சு, திரும்ப ஊறவிட்டு, இந்த முறை தண்ணியைத் தள்ளிப் பிடிச்சு சாய்வா, மேல இருக்கிற பச்சை போற வரைக்கும் மட்டும். அறை லைட்டை அணைச்சிட்டு இருட்டில கண் பழக நிண்டம். ஓட்டையின்ர விளிம்பில இருந்து ஒரு அரிசி மணி நீளத்துக்கு மஞ்சள் பச்சையில ஒரு கோடு, நூல் மாதிரி, டெவலப்பருக்குள்ளால மெல்ல மெல்ல ஊறிக் கொண்டு வந்தது. முதல் முறை அந்தக் கோட்டைக் கழுவி ஊத்தினது நான்தான். இண்டைக்கும் பெனட்ரன்ட் கழுவுற எந்தப் பிள்ளையின்ர கையையும் நான் பாக்காம விடுறது இல்ல.

யூவி லைட் 365 நானோமீட்டர் பக்கம், தூரத்தையும் பலத்தையும் வேலை தொடங்க முதல் மீட்டரில அளவுங்கோ, இருட்டில ஒரு நிமிசமாவது கண் பழக விடுங்கோ, வெயிலுக்குக் கறுக்கிற கண்ணாடி போட்டிருந்தா கழட்டுங்கோ, அது யூவிக்கும் கறுக்கும்.

படி 5: கண்டதை எழுதுறது

வெடிப்பு இல்ல எண்டா அதுவும் ஒரு முடிவுதான். எந்த முறை, எந்தப் பகுதி, எத்தனை சைக்கிளில எண்டு எழுதி, ஏடி கேட்டிருந்தா கம்பனிக்கும் அறிவியுங்கோ, ஏன் எண்டா உலகம் முழுக்க எத்தனை பிளேன்ல வெடிச்சிருக்கு எத்தனையில இல்ல எண்டதை வைச்சுத்தான் அவை இடைவெளியைக் கூட்டிக் குறைக்கினம்.

வெடிப்பு இருந்தா உங்கட சொந்த யோசனைக்கு அதில இடம் இல்ல. நுனியில ஓட்டை போட்டு நிப்பாட்டுறது, மெதுவா உரசி எடுக்கிறது, "சின்னன் தானே அடுத்த செக் வரைக்கும் போகட்டும்", ஒண்டும் இல்ல. ஏடி சொன்ன மாதிரி மாத்துறது, வேற வழியில செய்ய விரும்பினா மாற்று முறைக்கு முறைப்படி அனுமதி எடுக்கிறது.

மட்டுமட்டா வாற அளவுதான் மனசைக் கெடுக்கிறது. 2000 ஜனவரி 31 கலிஃபோர்னியாக் கரைக்கு அங்கால விழுந்து 88 பேரைக் கொண்டு போன எம்டி-83 இல ஸ்டபிலைசரை ஆட்டுற ஜாக்ஸ்க்ரூவின்ர நட்டு மரை முழுக்கத் தேய்ஞ்சிருந்தது. அது ஃபட்டீக் இல்ல, கிரீஸ் காணாத தேய்மானம், எண்டாலும் இந்தப் படிக்கு இதைவிட நல்ல பாடம் இல்ல. 1997 இல அதே பிளேனை அளந்தபோது ஆட்டம் 0.040 அங்குலம், சரியா லிமிட்டில. மாத்தோணும் எண்டு முதல்ல எழுதினவை, பிறகு திரும்ப அளந்து 0.033 வந்தது எண்டு பிளேனை விட்டிட்டினம். திரும்ப அளக்கிறது பிழை இல்ல. ஆனா ரெண்டு அளவு ஒத்துவராட்டி ஏன் ஒத்துவரேல்ல எண்டு கண்டுபிடிக்காமச் சின்ன நம்பரை மட்டும் எடுத்துக்கொண்டு போகாதேங்கோ.

படி 6: கழட்டிப் பூட்டுறது

கழட்டுறதுக்கு முதல் ஃபோட்டோ எடுங்கோ, எந்தத் திசையில போல்ட் போகுது, வாஷர் எந்தப் பக்கம், ஷிம் (இடைவெளி நிரப்புற மெல்லிய தகடு) எத்தனை. 2007 ஓகஸ்ட் 20 ஓக்கினாவால நாஹா எயார்போர்ட்டில 737 ஒண்டு இறங்கி நிண்ட பிறகு பத்தி எரிஞ்சு போனது, 165 பேரும் தப்பினவை, காரணம் ஸ்லாட் ட்ராக்கின்ர ஒரு போல்ட் கழண்டு எரிபொருள் டாங்கைக் குத்தினது, அந்தப் போல்ட்டை இறுக்கிப் பிடிக்க வேண்டிய வாஷர் அங்க இல்ல. ஒரு வாஷர்.

போல்ட்டைப் பழசோட ஒப்பிட்டு எடுக்காதேங்கோ, கட்டலொக்கில இருக்கிற நம்பரைப் பாத்து எடுங்கோ. 1990 ஜூன் 10 இங்கிலாந்தில பிஏசி 1-11 இன் முன் கண்ணாடி ஆகாயத்தில பறந்து கெப்டன் பாதி வெளிய தொங்கினது, 90 போல்ட்டில 84 விட்டம் குறைஞ்சது, கண்ணால பாத்து ஒத்துப் பிடிச்சு எடுத்தது. கொட்டர் பின், லொக் வயர், செல்ஃப் லொக்கிங் நட்டு எல்லாம் புதுசு. டோர்க் போட்ட உடனே மார்க் கோடு இழுங்கோ. கொன்ட்ரோல் சேர்ஃபேஸையே மாத்தினா, ரிப்பேர் பண்ணினா, பெயிண்ட் அடிச்சாக் கூட, பேலன்ஸ் பாக்க வேண்டி வரும், எடை கொஞ்சம் பின்னுக்குப் போனாலும் வேகத்தில நடுங்கத் தொடங்கும்.

பிறகு ரிக்கிங், அதாவது அசையிற அளவைச் சரிபாத்துச் செட் பண்ணுறது, பிறகு ரெண்டாவது ஆள். வேலை செய்யாத, அதிகாரம் இருக்கிற இன்னொருத்தர் தனியாப் பாக்கோணும், பூட்டினது சரியா, லொக் சரியா, முக்கியமா ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளினா இடப்பக்க எய்லரன் மேல எழும்புதா. ஒருத்தர் கொக்பிட்டில, ஒருத்தர் வெளிய நிண்டு கண்ணால பாத்து, வாயால சொல்லோணும், "நகருது" எண்டு சொன்னாக் காணாது, "இடது மேல, வலது கீழ" எண்டு சொல்லோணும். 2001 மார்ச்சில ஃபிராங்ஃபர்ட்டில ஏ320 ஒண்டு கெப்டன் பக்கத்து வயர் தலைகீழா ஏறி மேல எழும்பேக்க இறக்கை நிலத்துக்குக் கிட்டப் போனது, கோ பைலட் பிடிச்சதால தப்பினது. 2018 நவம்பர் 11 போர்த்துக்கல்ல எம்ப்ரேயர் 190 ஒண்டு பெரிய மெயின்டெனன்ஸ் முடிஞ்சு எய்லரன் கேபிள் மாறிப் பூட்டினபடியே வானத்துக்குப் போய், 6 பேரோட தலைகீழா உருண்டு உருண்டு, கடைசியா பேஜா விமானத் தளத்தில இறங்கினது. ரெண்டுலயும் நிலத்தில நிக்கேக்கயே திசையைப் பாத்திருந்தாப் பிடிபட்டிருக்கும்.

படி 7: பேப்பர்

ஏடி நம்பர், ரிவிஷன், எந்தப் பந்தியின்படி செய்தது, எந்த முறை, திகதி, ஃப்ளைட் அவர்ஸ், சைக்கிள், அடுத்தது எப்ப, இந்த மாத்தலோட ஏடி முடியுதா இல்ல இன்னும் திரும்பத் திரும்பப் பாக்கோணுமா. புது பார்ட் பூட்டினா எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைக்கிறது வழமை, ஆனா கன ஏடில புது பார்ட்டுக்கும் பூச்சியத்தில இருந்து கணக்குத் தொடங்கும், பார்ட் நம்பர் மாறின மேம்பட்ட டிசைன் பூட்டினா மட்டும்தான் முடியும். அதை ஏடியே சொல்லும், நீங்கள் ஊகிக்க வேண்டாம். அடுத்த கெடுவை சிஸ்டத்தில ஏத்தின பிறகு, வேற ஒரு ஆளைக் கூப்பிட்டு அதே நம்பரை ஏடியைப் பாத்து வாசிக்கச் சொல்லுங்கோ, கீபோர்ட்டில ஒரு பூச்சியம் கூடினா 2,500 சைக்கிள் 25,000 ஆகி ஒருத்தருக்கும் தெரியாமக் கிடக்கும்.

கழட்டின பழைய பார்ட்டுக்கு அண்டைக்கே சிவப்பு டெக் போட்டுப் பூட்டின அறைக்குள்ள வையுங்கோ. ஆராய்ச்சிக்குக் கம்பனி கேட்டா உடைஞ்ச முகத்தைத் தொடாம, துடைக்காம, ரெண்டு துண்டையும் ஒண்டோட ஒண்டு பொருத்திப் பாக்காம சுத்தி அனுப்புங்கோ. கேக்காட்டி லக்கை வாளால ரெண்டா அறுத்து, சீரியல் நம்பர் ப்ளேட்டை அழிச்சு, அறுத்ததை ஃபோட்டோ எடுத்து ஃபைல்ல போடுங்கோ.